வீட்டுக்குள் ஏற்ற எந்த மெழுகுவர்த்தி? பாரஃபின், சோயா, தேன்மெழுகு: ஓர் ஒப்பீடு

வாசனை மெழுகுவர்த்தி இப்போது பிறந்தநாள் பரிசாக வருகிறது, கிரகப்பிரவேசத்தில் ரிட்டன் கிஃப்டாகவும் வருகிறது. குடுவையின் மேல் 'நச்சற்றது', 'நூறு சதவீதம் இயற்கை', 'சோயா' என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்ததும் பாரஃபின் கெட்டது, சோயா நல்லது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இரு மடங்கு விலை கொடுத்து வாங்கிய அந்தச் சோயா மெழுகுவர்த்தியைச் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைத்து, திரியை வெட்டாமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் எரித்துப் பாருங்கள். நல்ல திரி போட்ட சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி காற்றில்லாத இடத்தில் எரியும்போது விடுவதைவிட அதிகக் கரியை அது விடும்.

வாசனை சேர்த்ததா, திரி சரியான தடிமனில் இருக்கிறதா, எரியும் இடத்தில் காற்று அடிக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்குப் பிறகுதான் எந்த மெழுகு என்ற கேள்வி வரவேண்டும். விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன.

சுடருக்குள் நடப்பது

மெழுகுவர்த்தியில் எரிந்து வெளிச்சம் தருவது திரி அல்ல, ஆவியான மெழுகு. சூட்டில் உருகிய மெழுகு திரி வழியாக மேலேறி, ஆவியாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. முழுமையாக எரிந்தால் மிஞ்சுவது கரியமில வாயுவும் நீராவியும். சுடரின் மஞ்சள் ஒளி, உள்ளே தகதகக்கும் நுண்ணிய கரித்துகள்களால் வருவது. ஆடாமல் நிற்கும் சுடரில் அந்தத் துகள்கள் விளிம்பைத் தொடுவதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். சுடர் ஆடினாலும், திரி நீண்டுபோய் எரிபொருள் தேவைக்கு மேல் ஏறினாலும், அவை எரியாமல் தப்பிவிடும். சுவரிலும் ஃபேன் இறக்கையிலும் படிகிற கறுப்பு அதுதான். அதே துகள்தான் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகிறது.

எந்த மெழுகு எரிந்தாலும் ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலீன், பென்சீன் போன்றவை சிறு அளவில் வரும். 'இயற்கை மெழுகு எரிந்தால் எதுவுமே வராது' என்பது விற்பனைப் பேச்சு.

பாரஃபின் மேல் விழுந்த கெட்ட பெயருக்குப் பெரிதும் காரணம், 2009-இல் அமெரிக்காவின் சவுத் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ஒரு மாநாட்டில் முன்வைத்த ஆய்வு. பாரஃபின் மெழுகுவர்த்திகளிலிருந்து டொலுயீன், பென்சீன் போன்றவை வந்தன, சோயாவிலிருந்து வரவில்லை என்றார்கள். எப்போதாவது ஒன்று ஏற்றுவதால் பாதிப்பு வராது, ஆண்டுக்கணக்கில் தினமும் ஏற்றுவதுதான் கவலை என்று அவர்களே சொன்னது செய்திகளில் பின்னுக்குப் போய்விட்டது. அதற்கு முன், 2007-இல் ஜெர்மனியில் பாரஃபின், சோயா, பனை, ஸ்டியரின் (கொழுப்பிலிருந்து பிரித்தெடுக்கும் கெட்டி மெழுகு), தேன்மெழுகு எல்லாவற்றையும் எரித்துப் பார்த்த ஆய்வில், மெழுகுகளுக்கிடையே பெரிய வித்தியாசம் தென்படவில்லை. எல்லாமே பாதுகாப்பு வரம்புகளுக்கு வெகு கீழே இருந்தன. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது மெழுகுவர்த்தித் தொழில்துறை என்பதையும் மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மெழுகை மட்டும் மாற்றிக் கிடைக்கும் லாபம் சிறியது.

துகள்கள் விஷயம் அப்படியல்ல. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் லேசான ஆஸ்துமா உள்ள இளைஞர்களை ஆய்வு அறைக்குள் சில மணி நேரம் மெழுகுவர்த்திப் புகையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கண், மூக்கு எரிச்சலோடு, உடலில் லேசான அழற்சிக்கான அறிகுறிகளும் தென்பட்டன. வீசிங் உள்ள வீட்டில் இதை அசட்டை செய்யக்கூடாது.

பாரஃபின்

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து மசகு எண்ணெய் எடுக்கும்போது பிரிகிற மெழுகு இது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் அசாமின் நுமலிகரிலும் தயாராகிறது. இதில் கவனிக்க வேண்டியது சுத்திகரிப்பின் தரம். முழுதும் சுத்திகரித்த பாரஃபினில் எண்ணெய் அரை சதவீதத்துக்கும் கீழே இருக்கும். தூய வெள்ளையாக, மணமற்று, விரலில் பிசுக்கு ஒட்டாமல் இருக்கும். அரைகுறையாகச் சுத்திகரித்ததில் எண்ணெய் கூடுதலாகத் தங்கியிருப்பதால் மஞ்சள் சாயல் தெரியும், தடவினால் வழுவழுக்கும், முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை லேசாக அடிக்கும். கரன்ட் போனால் ஏற்ற என்று மூலைக்கடையில் விற்கும் மலிவு பாக்கெட்டுகளில் இப்படிப்பட்டவை வரும். அவற்றைத் தவிர்க்கலாம்.

மெழுகு வியாபாரத்தில் '58-60' என்று சொல்வது உருகுநிலையை. இந்த வகை பாரஃபின் நம் வெயிலுக்கு நன்றாகத் தாங்கும், வளையாது. நல்ல தரமான, வாசனையில்லாத வெள்ளைப் பாரஃபின் மெழுகுவர்த்தியை வாரம் ஓரிரு முறை ஜெபத்துக்கோ உணவு மேசைக்கோ ஏற்றுகிறவர்கள் பயந்து மாற்ற வேண்டியதில்லை. பாரஃபினின் உண்மையான குறை வேறு: அது பூமிக்கடியிலிருந்து எடுத்த பெட்ரோலியம், புதுப்பிக்க முடியாதது. அந்தக் காரணத்துக்காக விடுகிறவர்களின் முடிவு நியாயமானது.

சோயாவும் 'தேங்காய் மெழுகும்'

சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி உறைய வைத்தால் சோயா மெழுகு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர் இதை மெழுகுவர்த்திக்கு ஏற்றபடி உருவாக்கினார். மென்மையானது, குடுவை மெழுகுவர்த்திக்கான வகை 45-52 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே குடுவையில்தான் ஊற்றுவார்கள், தூணாக நிற்காது. குறைந்த சூட்டில் மெதுவாக எரிகிறது, சிந்தினால் வெந்நீரிலும் சோப்பிலும் போய்விடுகிறது. மேலே வெள்ளைப் பூ பூத்தது போல் படிந்தால் அது கெட்டுப்போனதல்ல, தாவர மெழுகின் படிகம்.

வெயில்தான் இதன் எதிரி. சித்திரை வைகாசியில் வேலூரிலோ மதுரையிலோ, கூரியர் வண்டிக்குள் அரை நாள் கிடந்த சோயா குடுவை ஒரு பக்கமாகச் சரிந்து வந்து சேரும். மேலே வியர்த்தது போல் எண்ணெய்த் துளிகள் நிற்கும். அது பெரும்பாலும் மெழுகிலிருந்து பிரிந்த வாசனை எண்ணெய். அப்படியே ஏற்றினால் முதலில் எரிவது அந்த எண்ணெய், சுடர் தாவும், புகையும். டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, குளிர்ந்த அறையில் ஒரு நாள் வைத்த பிறகு ஏற்றுங்கள்.

லேபிளில் 'சோயா கலவை' என்று மட்டும் இருந்து சதவீதம் இல்லை என்றால் பாதிக்கு மேல் பாரஃபினாகவும் இருக்கலாம். விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: 'சோயா எத்தனை சதவீதம், மீதி என்ன?' நேர் பதில் வராத இடத்தில் சோயா விலை கொடுக்காதீர்கள்.

'நூறு சதவீதம் தேங்காய் மெழுகு' என்பதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகுகிறது. ஹைட்ரஜன் ஏற்றினாலும் உருகுநிலை நாற்பதைத் தொடுவதில்லை. மே மாத அறையில் அது குழைந்து நிற்கும். கெட்டியாக நிற்கும் 'தேங்காய் மெழுகுவர்த்தி' என்றால் அதில் சோயாவோ பாரஃபினோ கலந்திருக்கிறது. கலப்பதில் தவறில்லை, சொல்லாமல் கலப்பதுதான் தவறு.

பனை மெழுகும் ஸ்டியரினும் 55-60 டிகிரி தாங்கும், கெட்டியானவை, சுடரும் நன்றாக நிற்கும். நம் தட்பவெப்பத்துக்குச் சோயாவைவிடப் பொருத்தம். இங்கே பனை என்பது எண்ணெய்ப்பனை; இந்தோனேசியா, மலேசியாவில் அதற்காகக் காடுகள் அழிக்கப்பட்டதால் பலர் ஒதுக்குகிறார்கள். உடல்நலத்தை மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஜெல் மெழுகுவர்த்தி, அதாவது உள்ளே சிப்பி, மினுமினுப்பு எல்லாம் மிதக்கும் கண்ணாடி போன்ற வகை, கனிம எண்ணெயைப் பாலிமரால் கெட்டியாக்கியது. மற்றவற்றைவிடச் சூடாக எரியும், உள்ளே போட்ட அலங்காரப் பொருளில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. வேண்டாம்.

தேன்மெழுகு

தேனீயின் வயிற்றிலிருந்து சுரந்து, அடையாகக் கட்டப்பட்ட மெழுகு. உருகுநிலை 62-64 டிகிரி என்பதால் நம் கோடையைச் சட்டை செய்யாது. எதுவும் சேர்க்காமலேயே மெல்லிய தேன் மணம் உண்டு. ஆகவே வாசனை வேண்டும், ஆனால் வாசனைத் திரவியம் வேண்டாம் என்கிறவர்களுக்கு இதுவே சரியான விடை. மெதுவாக எரிவதால் ஒரே எடைக்கு நேரம் அதிகம் கிடைக்கும். சுடர் எதிர்மின் அயனிகளை வெளியிட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று விற்கிறார்களே, அதற்கு ஆதாரம் கிடையாது. எரிகிற எதுவும் அறைக் காற்றைச் சுத்தமாக்காது.

இதில் முக்கியப் பிரச்சினை கலப்படம். தேன்மெழுகு பாரஃபினைவிடப் பல மடங்கு விலை. பாரஃபினில் மஞ்சள் நிறமும் தேன் எசன்ஸும் சேர்த்துத் தேன்மெழுகு என்று விற்பது எளிது. சுண்டு விரலளவு துண்டைக் கையில் வைத்து இரண்டு நிமிடம் பிசைந்து பாருங்கள். உண்மையான தேன்மெழுகு இளகிச் சப்பாத்தி மாவு போல் வளையும், விரலில் லேசாக ஒட்டும், பிசுக்காக வழுக்காது. பாரஃபின் கலந்தது பொடிப்பொடியாகச் சிதறும் அல்லது எண்ணெய் தடவியது போல் வழுக்கும். தேன்மெழுகைக் கிள்ளி உடைத்தால் உடைந்த இடம் மணல் மணலாக, பளபளப்பில்லாமல் தெரியும். சில மாதம் வைத்திருந்தால் மேலே சாம்பல் பூத்தது போல் வெண்மை படரும். ஹேர் டிரையர் சூட்டைக் காட்டினால் அது மறையும். இந்தச் சோதனைகள் பெரிய கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும், பத்து சதவீதக் கலப்பைக் காட்டாது. தேனீ வளர்ப்பவர்களிடம் கட்டியாக நேரில் வாங்குவது நம்பகமான வழி.

திரி

நல்ல மெழுகுவர்த்தியின் திரி வெறும் நூலன்று, பின்னப்பட்ட பருத்தி. பின்னலின் ஒரு பக்க இழுப்பால் எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வந்து, தானே எரிந்து சாம்பலாகும். அதனால் திரி நீளாமல் இருக்கும். விளக்குக்குப் போடும் பஞ்சுத் திரியை மெழுகில் நட்டால் இது நடக்காது. நுனியில் கரிக்கட்டி சேரும், அணைத்த பிறகும் கனன்றுகொண்டே புகையும்.

திரிக்குள் நிமிர்ந்து நிற்க உலோகக் கம்பி வைத்த வகைகள் உண்டு. ஒரு காலத்தில் ஈயக் கம்பி வைத்தார்கள். எரியும்போது ஈயம் காற்றில் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் அமெரிக்கா 2003-இல் அதைத் தடை செய்தது. இப்போது பெரும்பாலும் துத்தநாகமும் வெள்ளீயமும்தான், அவற்றால் பயமில்லை. பிராண்டு பெயர் இல்லாத மலிவு இறக்குமதியிலோ பழைய இருப்பிலோ சந்தேகம் வந்தால், ஏற்றுவதற்கு முன் திரி நுனியின் நூலைப் பிரித்துக் கம்பியை வெள்ளைத் தாளில் தேயுங்கள். பென்சில் கோடு போல் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அதை வீட்டில் வைக்காதீர்கள். பருத்தித் திரி மட்டும் உள்ளதை வாங்கினால் இந்தச் சோதனையே வேண்டாம்.

தடிமனும் குடுவையின் அகலமும் பொருந்தாவிட்டால் எந்த மெழுகும் கெடும். திரி மெல்லியதாக இருந்தால் நடுவில் கிணறு போல் குழி விழுந்து, ஓரத்து மெழுகு எரியாமலே நிற்கும். தடியாக இருந்தால் சுடர் ஐந்து சென்டிமீட்டர் எழும்பி ஆடும், குடுவையின் வாயில் கறுப்பு வளையம் கட்டும். பரிசாக வந்த குடுவையில் முதல் நாளே இந்தக் கறுப்பு வளையம் தெரிந்து, திரியை வெட்டியும் நிற்கவில்லை என்றால், அது தயாரிப்பின் குறை. உங்கள் மேல் தப்பில்லை.

வாசனை

நச்சு பற்றிய கவலையில் பெரும்பகுதி இங்கே வரவேண்டும். வாசனைக் குடுவைகளில் மெழுகின் எடையில் ஆறு முதல் பத்து சதவீதம் வாசனை எண்ணெய் இருக்கும். 200 கிராம் குடுவையில் அது 12-20 கிராம். அதில் பத்துப் பதினைந்து வேதிப்பொருள்கள் சாதாரணமாக இருக்கும், லேபிளில் 'நறுமணம்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். வாசனையை நீர்க்க வைக்கச் சேர்க்கும் டைஎத்தில் தாலேட் இதில் ஒன்று. ஊதுபத்தித் தொழிலில் இது தாராளமாகப் புழங்குகிறது. ஊதுபத்திக்கென்று லிட்டர் கணக்கில் விற்கும் மலிவு வாசனையை மெழுகுவர்த்தியில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 'தாலேட் இல்லாதது' என்று எழுதியிருப்பதோடு, வாசனைத் துறையின் சர்வதேச அமைப்பான இஃப்ராவின் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் கேட்டதும் அனுப்புவார்கள்.

'எசென்ஷியல் ஆயில் மட்டும்' என்றால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெயிலுள்ள லிமோனீன் காற்றில் ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். ஓசோன் விடும் வகைக் காற்றுச் சுத்திகரிப்பான் ஓடும் அறையில் இந்த வாசனையே வேண்டாம். யூகலிப்டஸ், கற்பூரம், புதினா எண்ணெய்கள் கைக்குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. பூனை இருக்கும் வீட்டில் டீ ட்ரீ எண்ணெய் ஆபத்து. பூனையின் கல்லீரலுக்கு இவற்றை முறித்து வெளியேற்றும் திறன் குறைவு. கூண்டுப் பறவை இருக்கும் அறையில் எதையும் எரிக்காதீர்கள்.

தலைவலி வருகிறதா என்பதைச் சோதிப்பது எளிது. ஒரே பிராண்டில் வாசனை உள்ளதையும் இல்லாததையும் வெவ்வேறு நாள்களில் ஒரு மணி நேரம் எரித்துப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் வாசனைதான் என்று தெரியவரும்.

ஃபேன், ஏசி, ஜன்னல்

சுடர் ஆடுவது எவ்வளவு கெடுதல் என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி. மெழுகுவர்த்தியை ஏற்றிப் பத்து நிமிடம் நிலைக்க விடுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, வெள்ளைப் பீங்கான் தட்டின் அடிப்புறத்தைச் சுடர் நுனிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பிடிக்கக் கைத்துணி அவசியம். தட்டு ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். அடுத்து ஃபேனை இரண்டாம் எண்ணில் வைத்துத் தட்டின் மறுபுறத்தை அதே உயரத்தில் பிடியுங்கள். சாம்பல் படலம் விழும். விரலால் தடவினால் மையாக வரும். மெழுகு அதே, திரி அதே. மாறியது காற்று மட்டும்.

ஃபேன் இல்லாமல் உட்கார முடியாத ஊரில் இது பெரிய கட்டுப்பாடுதான். ஃபேன் காற்று நேராகப் படாத மூலையில் வைப்பது, சுற்றிலும் உயரமான கண்ணாடிச் சிமினி வைப்பது, முடிந்தால் ஃபேனை நிறுத்தும் நேரத்தில் மட்டும் ஏற்றுவது என்று ஏதாவது செய்ய வேண்டும். ஜன்னல் ஒரு விரலளவு திறந்திருக்கட்டும், ஆனால் அதற்கு எதிரே வைக்காதீர்கள்.

ஏசி போட்டு மூடிய படுக்கையறையில் வேண்டாம். மணிக்கு ஏழு கிராம் மெழுகு எரிந்தால் சுமார் 22 கிராம் கரியமில வாயு வருகிறது. மூன்று ஏற்றினால், அறையில் கூடுதலாக இரண்டு பேர் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குச் சமம். துகள்களும் வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும், ஆறிய நிலையில், திரியை 5-6 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். நுனியில் காளான் போல் கரிக்குமிழ் இருந்தால் கிள்ளி எடுங்கள், உருகிய மெழுகில் விழ விடாதீர்கள். முதல் முறை குடுவையின் ஓரம் வரை உருகும்வரை எரிய விட வேண்டும். ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் எரிக்காதீர்கள். வாயால் ஊதி அணைக்கும்போது எழும் வெள்ளைப் புகை, எரியாத மெழுகாவி. ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகுக்குள் அமுக்கி உடனே நிமிர்த்தினால் புகையே வராது.

குடுவை

கொட்டாங்குச்சியில் ஊற்றிய மெழுகுவர்த்தி பார்க்க அழகு. ஆனால் கொட்டாங்குச்சி நன்றாக எரியக்கூடிய பொருள் என்பது அடுப்பெரித்தவர்களுக்குத் தெரியும். மெழுகு அடியை எட்டும்போது ஓடே பற்றும். மெருகிடாத மண் அகலிலும் கவனம் தேவை: மண் உருகிய மெழுகைக் குடித்து, பாத்திரமே திரியாகிவிடலாம். தடித்த கண்ணாடியோ தகரமோ எவர்சில்வரோ போதும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே போனால் சூடு கண்ணாடியை விரிசல் விடச் செய்யும்.

எந்த வீட்டுக்கு எது

தினமும் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிற வீட்டில் முதலில் மாற வேண்டியது மெழுகுவர்த்தி அல்ல. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஊதுபத்தியும் எரியும் ஒவ்வொரு கிராமுக்கும் சிகரெட்டைவிட நான்கு மடங்குக்கு மேல் துகள் விடுகிறது. பூஜையறையில் ஊதுபத்தியைக் குறைத்து, காற்றுப்படாத மாடத்தில் திரியை அடக்கமாக வைத்த ஒரு நல்லெண்ணெய் விளக்கு ஏற்றுவது விலையுயர்ந்த எந்தக் குடுவையையும்விட நல்ல மாற்றம். விளக்கிலும் கணக்கு அதேதான்: திரி பெரிதாக வெளியே நீட்டினால் கரி, ஃபேன் பட்டால் கரி. கொசுவுக்கென்று விற்கும் சிட்ரோனெல்லா மெழுகுவர்த்தியை நம்பி வலையைக் கழற்றாதீர்கள்.

கரன்ட் போகும் நேரத்துக்கு எந்த மெழுகுவர்த்தியும் வேண்டாம். ஒரு மெழுகுவர்த்தியின் வெளிச்சம் சுமார் 12 லூமென். 9 வாட் எல்.இ.டி. பல்பு 800 லூமெனுக்கு மேல் தரும். சார்ஜ் ஆகும் எமர்ஜென்சி பல்பு ஒன்று மாட்டிவைத்தால் புகையும் இல்லை, திரைச்சீலை பற்றும் பயமும் இல்லை.

ஜெபத்துக்கும் தியானத்துக்கும் தினமும் அரை மணி நேரம் ஏற்றுகிறவர்களுக்கு எங்கள் தேர்வு வாசனையில்லாத தேன்மெழுகு. விலை கட்டாது என்றால் ஸ்டியரின் கலந்த நல்ல வெள்ளை மெழுகுவர்த்தி. கல்லறைத் திருநாளுக்கும் வேளாங்கண்ணி நேர்ச்சைக்கும் திறந்த வெளியில் ஏற்றும்போது இந்தக் கவலை எதுவும் தேவையில்லை.

அறை மணக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வாங்குகிறவர்கள், மேலிருந்து பல்பின் சூட்டால் மெழுகை உருக்கும் வார்மர் விளக்கைப் பார்க்கலாம். சுடர் இல்லாததால் கரி இல்லை. வாசனைப் பொருள் காற்றில் கலப்பது மட்டும் குறையாது. ஆஸ்துமா, கைக்குழந்தை, கர்ப்பிணி உள்ள வீட்டில் வாசனையையும் சுடரையும் சேர்த்தே விட்டுவிடுவது நல்லது, அழகுக்கு எல்.இ.டி. மெழுகுவர்த்தி போதும். ஆனால் அதன் அடியிலுள்ள பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். திருகாணி போட்டு மூடும் வகையை மட்டும் வாங்குங்கள்.

வீட்டிலேயே ஊற்றினால்

உள்ளே என்ன இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் இதுதான் வழி. 250 மில்லி கொள்ளும், ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள தடித்த கண்ணாடிக் குடுவைக்கு 160 கிராம் தேன்மெழுகும் 40 கிராம் தேங்காய் எண்ணெயும் வேண்டும். எண்ணெய் சேர்ப்பது மெழுகின் விறைப்பைக் குறைத்து, குடுவையில் விரிசல் விழாமல் காக்கும். அடியில் கசண்டு தங்கிய செக்கு எண்ணெய் வேண்டாம். கசண்டு திரியை அடைக்கும், அதிலுள்ள ஈரம் படபடவென்று தெறிக்கும்.

அகலமான பாத்திரத்தில் தண்ணீரைச் சிறு தீயில் வைத்து, அதற்குள் உயரமான பாத்திரத்தில் மெழுகைப் போட்டு உருக்குங்கள். நேரடித் தீயில் வைக்கவே கூடாது. 75 டிகிரி போதும். 85-ஐத் தாண்டினால் தேன்மெழுகு நிறம் கறுக்கும். பின்னிய பருத்தித் திரியை உருகிய மெழுகில் போட்டு, குமிழ் வருவது நிற்கும்வரை வைத்து எடுத்து, நேராக இழுத்துக் காய வையுங்கள். உருகிய தேன்மெழுகு கெட்டியாக இருந்து திரியில் மெதுவாக ஏறும் என்பதால் சோயாவுக்குச் சொல்லும் திரியைவிட ஓர் அளவு தடித்த, சதுரப் பின்னல் திரி தேவை. திரியைத் தாங்கும் தகரப் பாதத்தைக் குடுவையின் அடியில் ஒட்டி, மேலே துணி கிளிப்பால் நடுவில் நிறுத்துங்கள். குடுவையை வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, 70 டிகிரியில் ஊற்றி, ஃபேன் படாமல் மெதுவாக ஆற விடுங்கள். வேகமாக ஆறினால் திரியைச் சுற்றிப் பள்ளமும் வெடிப்பும் விழும். மிஞ்சிய மெழுகைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள்.

இரண்டு நாள் கழித்து ஏற்றிப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு ஓரத்தைத் தொட்டு, ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் இருந்தால் திரி சரி. ஓரத்தில் விரலளவு வட்டம் உருகாமல் நின்றால் அடுத்த முறை ஓர் அளவு தடித்த திரி. சுடர் நீண்டு கண்ணாடி கறுத்தால் ஓர் அளவு மெல்லியது. தேன்மெழுகின் குணம் ஒவ்வொரு அடைக்கும் சற்று மாறும். ஆகவே புதுக் கட்டி வாங்கும்போதெல்லாம் ஒரே ஒரு குடுவை ஊற்றிச் சோதித்த பிறகு மீதியை ஊற்றுங்கள்.